நேரவரையறைச் சிறுகதைப் போட்டி

நேரவரையறைச் சிறுகதைப் போட்டி என்பது, கதைக்குரிய கருவோ கட்டுப்பாடுகளோ ஒரு குறித்த நேரத்தில் அறிவிக்கப்பட்டு, அந்நேரத்திலிருந்து கணக்கிடப்படும் சில மணிநேரங்களுக்குள் அல்லது சில நாட்களுக்குள் புதிதாக எழுதி ஒப்படைக்கப்பட வேண்டிய புனைகதைப் போட்டி ஆகும். எழுதும் காலத்துடன் கதையின் நீளமும் பெரும்பாலும் வரையறுக்கப்படுகின்றது. இணையம் பரவலான பின்னர், குறிப்பாக 2000-களில் இருந்து, ஆங்கில மொழியில் இவ்வகைப் போட்டிகள் பெருகின. இவற்றுள் நியூயார்க்கை மையமாகக் கொண்ட என்.ஒய்.சி. மிட்நைட் நடத்தும் போட்டிகள் பரவலாக அறியப்பட்டவை. இக்கட்டுரை அவற்றையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய போட்டி எவ்வாறு இயங்குகின்றது, அதில் பங்கேற்பவர் தம் நேரத்தை எதற்குச் செலவிட வேண்டியுள்ளது என்பவற்றை விளக்குகின்றது.

வேகமும் நேரமும்

இப்போட்டிகளை விரைவாக எழுதும் ஆற்றலுக்கான தேர்வாகப் பலர் கருதுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் இக்கருத்து நிற்பதில்லை. என்.ஒய்.சி. மிட்நைட் குறுங்கதைப் போட்டியில் 48 மணிநேரத்தில் அதிகபட்சம் 1000 சொற்கள் எழுத வேண்டும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 21 சொற்கள். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மையம் 2018-ல் தொடங்கிய பியூரியஸ் பிக்சன் என்னும் கட்டணமில்லாப் போட்டியில் 55 மணிநேரத்தில் 500 சொற்கள்; மணிக்கு பத்துச் சொற்கள்கூட இல்லை. கையெழுத்துப் பழகும் சிறுவரும் இதைவிட வேகமாக எழுதுவர். எனவே காலம் எழுதுவதற்காகக் கொடுக்கப்படுவது அன்று. எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதற்காகவே கொடுக்கப்படுகின்றது எனலாம்.

எழுதும் நேரத்தை வரையறுக்கும் போட்டிகளை, வாசிக்கும் நேரத்தை வரையறுக்கும் போட்டிகளுடன் குழப்பிக் கொள்ளலாகாது. அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி 2009-ல் தொடங்கிய மூன்று நிமிடப் புனைகதைப் போட்டி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மூன்று நிமிடத்துக்குள் உரக்க வாசித்து முடிக்கத்தக்க கதையை அதற்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதனை எழுத எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டார் என்று எவரும் கேட்கவில்லை.

முன்னோடிகள்

காலக்கெடுவுக்குள் எழுதுவதை ஒரு காட்சியாக்கும் எண்ணம் இணையத்துக்கு மிகவும் முற்பட்டது. பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோன் 1927-ல் பாரிசு நகரில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து, மக்கள் பார்த்திருக்க ஒரு நாவலை எழுதி முடிப்பதாகத் திட்டமிடப்பட்டது. அத்திட்டம் நிறைவேறவே இல்லை. ஆயினும் அவரைக் கூண்டில் நேரில் கண்டதாகப் பிற்காலத்தில் பலர் கூறிவந்தது வேடிக்கையானது. அமெரிக்க எழுத்தாளர் ஹார்லன் எலிசன் இதனை உண்மையிலேயே செய்து காட்டினார். புத்தகக் கடைகளின் சாளரத்தில் தட்டச்சுப் பொறியுடன் அமர்ந்து, பிறர் கொடுத்த கருவைக் கொண்டு அங்கேயே கதை எழுதி முடிப்பது அவர் வழக்கம்.

போட்டி என்ற வடிவில் பழமையானது கனடாவின் மூன்று நாள் நாவல் போட்டி ஆகும். இது 1977-ல் வான்கூவர் நகரில் தொடங்கியது. செப்டம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டிய 72 மணிநேரத்தில் ஒரு குறுநாவலை எழுத வேண்டும். கதைச் சுருக்கத்தை முன்னரே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். எழுத்து மட்டும் அம்மூன்று நாட்களில் நிகழ வேண்டும். பங்கேற்பாளரின் நேர்மையை நம்பியே இவ்விதி இயங்கியது. கனடியக் கவிஞர் பிபி நிக்கல் எழுதிய "ஸ்டில்" இப்போட்டியில் வென்று 1983-ல் நூலாக வெளிவந்தது.

2001-ல் வாசிங்டன் நகரில் தொடங்கிய 48 மணிநேரத் திரைப்படத் திட்டம் வேறொரு முறையைக் கையாண்டது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வகைமை கொடுக்கப்பட்டது. அதனுடன் ஒரு கதைமாந்தர், ஒரு பொருள், ஒரு வசனம் ஆகியவையும் கொடுக்கப்பட்டுப் படத்தில் இடம்பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. முன்கூட்டியே எடுத்து வைத்த படத்தைக் கொண்டுவந்து தருவதை இது கடினமாக்கியது. 2002-ல் இருந்து போட்டிகளை நடத்திவரும் என்.ஒய்.சி. மிட்நைட்டின் எழுத்துப் போட்டிகளிலும் இதையொத்த முறையே காணப்படுகின்றது.

மூன்று கூறுகள்

என்.ஒய்.சி. மிட்நைட் குறுங்கதைப் போட்டியில் பங்கேற்பாளர்கள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வகைமை, ஓர் இடம், ஒரு பொருள் ஆகிய மூன்றும் ஒதுக்கப்படுகின்றன. வகைமை என்பது பேய்க்கதை, துப்பறியும் கதை, காதல், நகைச்சுவை, அறிவியல் புனைவு, வரலாற்றுப் புனைவு, தேவதைக் கதை, அரசியல் எள்ளல் போன்ற ஒன்று. கதை பெரும்பகுதி அந்த இடத்திலேயே நிகழ வேண்டும். பொருள் கதையில் எங்கேனும் கண்கூடாகத் தோன்ற வேண்டும். பேச்சில் மட்டும் வந்துபோனால் போதாது. இந்நிறுவனத்தின் சிறுகதைப் போட்டியில் இடத்துக்கும் பொருளுக்கும் மாறாக ஒரு கருப்பொருளும் ஒரு கதைமாந்தரும் தரப்படுகின்றன. அதன் முதற் சுற்றுக்கு 2500 சொற்களும் எட்டு நாட்களும் உண்டு. அடுத்தடுத்த சுற்றுகளில் இரண்டும் குறைந்துகொண்டே வரும்.

ஒரு குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரே மூன்று கூறுகள் கிடைப்பதே இப்போட்டியின் அச்சாணி. இதன் விளைவைப் புதிதாகப் பங்கேற்பவர்கள் போதிய அளவு உணர்வதில்லை. எடுத்துக்காட்டாக, பேய்க்கதை, காசு போட்டுத் துணி துவைக்கும் சலவை நிலையம், குடை என்று ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம். படித்த உடனே ஒருவர் மனதில் எழுவது, இரவில் தனியாகச் சுழலும் சலவை இயந்திரத்திற்குள் ஒரு முகம் தெரிகிறது என்பது போன்ற காட்சியாக இருக்கும். அதே குழுவில் இன்னும் பலருக்கும் அதே கணத்தில் அதே காட்சி தோன்றியிருக்கும். நடுவரோ அக்குழுவின் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பவர். மூன்றாவது முகத்தைக் காணும்போது அவருக்கு அச்சம் எழாது.

ஆகவே முதல் எண்ணத்தை எழுதி வைத்துவிட்டு ஒதுக்குவது பட்டறிவுள்ள பங்கேற்பாளர்களின் வழக்கம். இரண்டாவது எண்ணமும் பெரும்பாலும் பொதுவானதே: இறந்தவர் ஒருவரின் ஆடைகள் வாரந்தோறும் துவைக்க வருகின்றன என்பது போல. மூன்றாவதோ நான்காவதோ தான் எழுதுபவருக்கே உரியதாக அமைகின்றது. நிலையத்தை இரவில் பார்த்துக்கொள்ளும் பெண், வியாழன்தோறும் கதவோரம் ஒரு குடை சாத்தப்பட்டிருப்பதைக் காண்கிறாள், குடை நனைந்திருக்கின்றது, அன்று ஊரில் மழை இல்லை. இங்கே குடை, விதிக்காக ஒரு மூலையில் வைக்கப்பட்ட பொருளாக இல்லாமல், கதையை நகர்த்தும் பொருளாகிவிட்டது. பேய் என்ற சொல்லே வேண்டியதில்லை. அவள் யாருக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள் என்ற ஒரே வினா 1000 சொற்களைத் தாங்கும்.

ஒதுக்கப்பட்ட பொருளை நீக்கிவிட்டாலும் கதை அப்படியே நிற்குமானால், அப்பொருள் கதைக்குள் சேரவில்லை என்று கொள்ளலாம். இதேபோல் வகைமையையும் சோதிக்கலாம். சலவை நிலையத்தில் நிகழும் உருக்கமான குடும்பக் கதையின் இறுதி வரியில் ஓர் ஆவியை நுழைத்தால் அது பேய்க்கதை ஆகாது. போட்டி அமைப்பாளர்கள் ஒவ்வொரு வகைமைக்கும் வரையறை தருகின்றனர். எழுதத் தொடங்குமுன் அதனை வாசிக்கப் பத்து நிமிடம் போதும்.

நாற்பத்தெட்டு மணிநேரம்

கருப்பொருள்கள் வெள்ளி இரவு 11:59-க்கு நியூயார்க் நேரப்படி அறிவிக்கப்பட்டு, ஞாயிறு இரவு 11:59-க்குக் காலக்கெடு முடிகின்றது. பெயரில் நள்ளிரவு இருந்தாலும் அது நியூயார்க் வாசிகளுக்கே நள்ளிரவு. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது சனிக்கிழமை காலை 9:29 மணி. அமெரிக்காவில் கோடைகால நேரம் நடைமுறையில் இல்லாத மாதங்களில் 10:29 மணி. இலண்டனில் விடியலுக்கு முன் ஏறக்குறைய ஐந்து மணி. தெற்காசியாவில் இருந்து பங்கேற்பவருக்கு இது ஒரு வகையில் வசதியானது: உறக்கம் கழிந்த காலையில் தொடங்கி, சனி, ஞாயிறு முழுவதும் கிடைக்கின்றன. ஆனால் காலக்கெடு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ செல்லும் நேரத்தில் முடிவதால், கடைசி மூன்று மணிநேரத்தை நம்பியிருப்பது ஆபத்தானது. ஞாயிறு இரவையே தமது காலக்கெடுவாகக் கொள்வது நலம்.

கிடைக்கும் நேரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடும். இருப்பினும் முதல் சில மணிநேரத்தை எழுதாமல் கழிப்பது பயன் தருகின்றது. வரலாற்றுப் புனைவு கிடைத்தவர் அக்காலத்தைப் பற்றிப் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் படிப்பது எழுதுவதிலிருந்து தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிடுவதுண்டு. சனி மாலைக்குள் முதல் வரைவு முடிந்துவிட்டால், ஓர் இரவு உறங்கி எழுந்தபின் அதனைப் பிறர் எழுதியது போல வாசிக்க இயலும். இந்த ஓர் இரவு இடைவெளி, 24 மணிநேரப் போட்டிகளில் கிடைப்பதில்லை. 48 மணிநேரப் போட்டியின் உண்மையான அனுகூலம் இதுவே.

1000 சொற்களில் அடங்கக்கூடியவை மிகச் சில. இரண்டு அல்லது மூன்று காட்சிகள், இரண்டு கதைமாந்தர், அதிகம் போனால் மூன்றாமவர் ஒருவர் வாசலில் வந்து செல்லலாம். பின்கதைக்கு ஒரு பத்திக்கு மேல் இடமில்லை. முதல் வரைவு 1300, 1400 சொற்களுக்குப் போவது இயல்பு. அப்போது பெரும்பாலோர் செய்வது, வாக்கியத்துக்கு வாக்கியம் ஓர் அடைமொழியை, ஓர் இடைச்சொல்லை நீக்கிக்கொண்டு வருவது. இவ்வாறு 400 சொற்களை எடுத்தால் கதை சுருங்குவதில்லை, மூச்சு முட்டுகின்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், அப்பெண் தன் சகோதரியுடன் தொலைபேசியில் பேசும் காட்சியை முழுவதுமாக நீக்கிவிட்டு, அதில் இருந்த ஒரே ஒரு தேவையான செய்தியை வேறோர் இடத்தில் ஒரு வாக்கியமாகச் சேர்ப்பது மேலான வழி. நீக்கப்படுவது எழுதியவருக்கு மிகவும் பிடித்த பகுதியாகவே இருப்பதுதான் இதில் உள்ள கடினம்.

தொடக்கத்தை நீக்குவதும் பல வேளைகளில் பொருந்தும். வரைவின் முதற் பத்தி பெரும்பாலும் எழுதுபவர் கதைக்குள் நுழைவதற்காக எழுதிக்கொண்டது. வாசகருக்கு அது தேவைப்படுவதில்லை. முடிவைப் பொறுத்தவரை, கடைசி வரியில் எல்லாவற்றையும் தலைகீழாக்கும் திருப்பம் இப்போட்டிகளில் மிகையாகக் காணப்படுகின்றது. குறைந்த இடத்தில் அதிர்ச்சி தருவது எளிது என்பதே காரணம். ஆனால் "எல்லாம் கனவு" என்ற வகையான திருப்பங்கள் நடுவர்களுக்குச் சலித்துப்போனவை.

ஒப்படைத்தல்

சொல் வரம்பைத் தாண்டிய கதையும் காலந்தாழ்ந்து வந்த கதையும் எவ்வளவு சிறந்ததாயினும் விலக்கப்படும். தலைப்பும் முகப்புப் பக்கத்தில் தரவேண்டிய கதைச்சுருக்கமும் சொற்கணக்கில் சேரா. எழுதியவரின் பெயர் கோப்பில் எங்கும் இருத்தலாகாது; நடுவர்கள் பெயரறியாமலே வாசிக்கின்றனர். முன்னதாக ஒப்படைப்பதால் கூடுதல் புள்ளி எதுவும் கிடைப்பதில்லை. ஆயினும் இணைய இணைப்பும் மின்சாரமும் எப்போதும் கைகொடுக்கும் என்று கருத இயலாத ஊர்களில் இருப்போர் ஓரிரு மணிநேரம் முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது.

மதிப்பீடு

பல ஆண்டுகளாகக் குறுங்கதைப் போட்டியில் பின்பற்றப்பட்ட முறைப்படி, ஒரு குழுவில் முதலிடம் பெறும் கதைக்கு 15 புள்ளிகளும், அடுத்ததற்கு 14 புள்ளிகளும் எனப் பதினைந்தாம் இடம் வரை வழங்கப்பட்டன. முதல் இரண்டு சுற்றுகளிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, ஒவ்வொரு குழுவிலும் முதல் ஐவர் அடுத்த கட்டத்துக்குச் சென்றனர். இம்முறையில், ஒரு சுற்றில் தமக்குச் சற்றும் ஒத்துவராத வகைமை கிடைத்துச் சறுக்கியவருக்கு மீள வாய்ப்பிருந்தது.

வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் நடுவர்களின் கருத்துரை அனுப்பப்படுகின்றது. எது பிடித்திருந்தது, எதனைச் செம்மை செய்யலாம் என இரு பகுதிகளாக அது அமையும். பலர் மீண்டும் மீண்டும் கட்டணம் செலுத்திப் பங்கேற்பதற்கு இதுவே காரணம். கருத்துரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுண்டு. முடிவு அழகாக விடப்பட்டுள்ளது என ஒரு நடுவரும், முடிவு விளங்கவில்லை என மற்றொருவரும் ஒரே கதையைப் பற்றி எழுதலாம். இரண்டு நடுவர் ஒரே இடத்தைச் சுட்டுவாராயின் அந்த இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்லும் தீர்வை ஏற்க வேண்டும் என்பதில்லை. ஒரு சுற்றில் புள்ளி எதுவும் பெறாத கதை பிற்பாடு திருத்தப்பட்டு ஓர் இதழில் வெளிவரக்கூடும் என்பதால், புள்ளியைக் கதையின் விலையாகக் கொள்வது பிழையாகும்.

செயற்கை நுண்ணறிவு

குலுக்கல் முறைக் கருப்பொருள்கள், முன்பே எழுதிவைத்த கதையைத் தடுப்பதற்குப் போதுமானவையாக இருந்தன. 2022-ன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் இந்நிலை மாறியது. எந்த மூன்று கூறுகளைக் கொடுத்தாலும் ஒரு நிமிடத்துக்குள் 1000 சொற்களைத் தரும் கருவி வந்துவிட்டபின், காலக்கெடு எதனையும் காப்பதில்லை. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்டு என்னும் அறிவியல் புனைகதை இதழ், பொறியால் எழுதப்பட்ட கதைகள் குவிந்ததால் படைப்புகள் பெறுவதையே சிலகாலம் நிறுத்தியது. 1999-ல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேருடன் தொடங்கி, ஒரு மாதத்தில் 50,000 சொற்கள் என்ற இலக்குடன் உலகெங்கும் பரவிய தேசிய நாவல் எழுதும் மாதம் என்ற அமைப்பு, 2024-ல் செயற்கை நுண்ணறிவு குறித்து வெளியிட்ட நிலைப்பாட்டால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வமைப்பு 2025-ல் மூடப்பட்டது. நிதி நெருக்கடி உள்ளிட்ட வேறு காரணங்களும் அதற்கு இருந்தன.

பொறியின் உதவியைத் தடை செய்யும் விதிகளைச் சேர்ப்பதைத் தவிர, தொலைவிலிருந்து நடத்தப்படும் போட்டிகளுக்கு உறுதியான வழி இன்னும் அமையவில்லை. மூன்று நாள் நாவல் போட்டி 1977-ல் நம்பியதைப் போலவே, இன்றும் பங்கேற்பாளரின் நேர்மையை நம்ப வேண்டியுள்ளது.

கட்டணமும் உரிமையும்

கட்டணமில்லாப் போட்டிகளும், சில பத்து அமெரிக்க டாலர் கட்டணம் பெறும் போட்டிகளும் உள்ளன. பரிசு பெறும் வாய்ப்பை மட்டும் எண்ணிக் கட்டணம் செலுத்துவது அறிவுடைமை ஆகாது. கருத்துரை உண்டா, எத்தனை கதைகள் எழுதும் வாய்ப்பு உறுதி என்பவற்றைப் பார்க்க வேண்டும். கதையின் உரிமை யாரிடம் இருக்கும் என்ற விதியை வாசிக்காமல் பதிவு செய்யலாகாது. மேலும், எவரும் பார்க்கக்கூடிய இணையதளத்தில் கதையை வெளியிட்டுவிட்டால், பல இதழ்கள் அதனை முன்பே வெளியானதாகக் கருதி ஏற்பதில்லை. தீர்ப்பு வருவதற்கு முன் நண்பர்களின் கருத்தைப் பெற விரும்புவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ்ச் சூழல்

கொடுத்த கட்டுப்பாட்டுக்குள் உடனே படைத்துக் காட்டுவது தமிழுக்குப் புதிதன்று. பாட்டியல் நூல்கள் கூறும் நால்வகைப் புலவருள் ஆசுகவி என்பவர், பொருள், பா, அணி முதலியவற்றைப் பிறர் கூறிப் பாடுக என்றவுடன் பாடுபவர். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா முடிக்கச் சொல்லும் வழக்கமும் இவ்வகையே. காளமேகப் புலவர் இதற்குப் பெயர்பெற்றவர். இவற்றுக்கும் இன்றைய போட்டிகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை; ஒதுக்கப்பட்ட கூறு, குறுகிய காலம் என்ற அமைப்பு மட்டுமே ஒன்று. உரைநடையில், இலங்கைப் பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் சிறுகதை ஆக்கம் ஒரு பிரிவாக உள்ளது. கேரளப் பள்ளிக் கலைவிழாவிலும் தலைப்பை அங்கேயே கொடுத்துக் கதை எழுதச் செய்கின்றனர். மாணவர்கள் ஓர் அறையில் அமர்ந்து தாளில் எழுதும் இவ்வகைப் போட்டிகளுக்கு மேற்கூறிய பொறிச் சிக்கல் எழுவதில்லை.

என்.ஒய்.சி. மிட்நைட் போட்டிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும். அம்முறையைத் தமிழில் நடத்த முனைவோர் சொல் வரம்பை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. "வந்துகொண்டிருந்தவனுக்காக" என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் ஆறேழு சொற்கள். ஆதலால் 1000 தமிழ்ச் சொற்களில் ஆங்கிலத்தைவிட நீண்ட கதையை எழுதிவிடலாம். அதையே "வந்து கொண்டு இருந்தவனுக்காக" என்று பிரித்து எழுதினால் கணிப்பொறி மூன்று சொற்களாக எண்ணும். பிரித்தெழுதும் வழக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே கதை ஒருவர் கையில் வரம்புக்குள்ளும் மற்றவர் கையில் வரம்புக்கு வெளியிலும் அமையும். சொற்களை விடுத்து எழுத்துகளின் எண்ணிக்கையை வரம்பாகக் கொள்வது இதற்கு ஒரு தீர்வு. அதிலும் உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணுவதா, ஒருங்குறியில் உள்ளவாறு பெரும்பாலும் இரண்டாக எண்ணுவதா என்பதை விதியிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.